கீழ்த்தளத்து நூலாசிரியர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட மனிதர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். வெளியாட்களிடம் சொன்னால் கதை விடுகிறாள் என்பார்கள். நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். எல்லாம் என் கண்ணெதிரே நடந்ததால் எனக்குக் கதை விட வேண்டிய அவசியம் இல்லை.

அவருக்குக் கீழ்த்தளத்தில் வேலை. ஜன்னல் இல்லாத அறை, ஒரு ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர், சுவர் நெடுகக் கறுப்பு அட்டை போட்ட பழைய ஆய்வேடுகள். ஒவ்வொன்றையும் எடுத்துத் தூசி துடைத்து, பக்கம் பக்கமாகக் கண்ணாடியில் கவிழ்த்துப் படமெடுத்து, நூலகத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எப்போது கூப்பிட்டாலும் "இதோ, இந்தப் பக்கம் முடிச்சுட்டு வரேன்" என்பார். அதனால் அவருக்குப் 'பக்கம்' என்றே பேராகிவிட்டது. ஸ்கேன் செய்வதில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை. "படிச்சா வேலை ஓடாது மேடம்" என்பார். கண்ணாடியைத் துடைக்கத் தனித் துணி, அட்டையைத் துடைக்கத் தனித் துணி. இரண்டையும் மாற்றி வைத்தால் அவருக்குக் கோபம் வரும். அது ஒன்றுக்குத்தான் வரும்.

வேலை தற்காலிகம். வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். அவருடைய மனைவிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து, நடப்பதே பெரும்பாடாக இருந்தது. அறுவை சிகிச்சை செய்தால் நன்றாக நடப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்குப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அது இலவசம், தற்காலிக ஊழியருக்குக் கிடையாது. ஆகவே அந்த மனிதர் உலகத்தில் ஆசைப்பட்டது நிரந்தரம் என்ற ஒரே வார்த்தைக்குத்தான்.

அதைக் கொடுக்கும் கமிட்டியில் அவருடைய சொந்த அண்ணனே உட்கார்ந்திருந்தார். இதே வளாகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். நடந்தால் நான்கு மாணவர்கள் பின்னால் வருவார்கள். தம்பியை வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். சேர்த்த அன்றே ஒரு நிபந்தனை போட்டார்: "உள்ள வந்துட்டா என்னை அண்ணேன்னு கூப்பிடக் கூடாது. சார்." பக்கமும் அப்படியே கூப்பிட்டார். ஒவ்வொரு வருடமும் நிரந்தரம் பற்றிக் கேட்கும்போது பேராசிரியர், "நான் கமிட்டியில இருக்கும்போது உனக்குக் குடுத்தா சலுகைன்னு பேசுவாங்க. அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். அடுத்த வருடமும் அவரே கமிட்டியில் இருப்பார். இதில் உள்ள கோளாறு எனக்குப் புரிந்தது, கூட்டிப் பெருக்கும் அம்மாளுக்கும் புரிந்தது. தம்பிக்கு மட்டும் புரியவில்லை.

ஸ்கேனர் வந்து இறங்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. அறைச் சாவியைக் கொடுக்க நான் கீழே போயிருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் அது பெயர் கேட்டது. யார் பெயர் என்று இவருக்குக் குழப்பம். அண்ணனுக்குப் போன் போட்டார். "சார், பேர் கேக்குது. யார் பேரப் போடறது?" அந்தப் பக்கம் குரல் எனக்கே கேட்டது. "உக்காந்து வேலை பாக்கப் போறது நீ. உன் பேரப் போடாம என் பேரையா போடுவ? கிளாஸ்ல இருக்கேன், வைடா." இவர் அப்பாவின் இனிஷியலோடு தன் முழுப்பெயரையும் தட்டினார்.

அன்றிலிருந்து அவர் ஸ்கேன் செய்த ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் 'ஆசிரியர்' என்ற இடத்தில் அவர் பெயர் தானாகவே ஏறிக்கொண்டது. அட்டையில் சரியான பெயர் இருக்கும், இணையதளத்தின் பட்டியலிலும் சரியான பெயர் இருக்கும். ஃபைலின் வயிற்றுக்குள் மட்டும் இவர் பெயர். வயிற்றைக் கிழித்துப் பார்க்க யாருக்கு என்ன வேண்டுதல்? பல வருடம் அது அப்படியே கிடந்தது.

பிறகு அந்த மேற்கோள் கருவி வந்தது. அதற்கு முன்பெல்லாம் மாணவர்கள் எந்தப் புத்தகத்திலிருந்து எதை எடுத்தோம் என்று கடைசியில் பட்டியல் போட முடியாமல் என் மேஜை முன்னால் அழுவார்கள். ஆசிரியர் பெயர் முதலிலா, ஆண்டு முதலிலா, எங்கே காற்புள்ளி, எங்கே அடைப்புக்குறி என்று உயிரை வாங்குவார்கள். இந்தக் கருவியில் அந்த வம்பே இல்லை. இணைய முகவரியை ஒட்டினால் போதும். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு எல்லாவற்றையும் அதுவே எடுத்து, காற்புள்ளியோடு அடுக்கிக் கொடுத்துவிடும். ஆனால் அது அட்டையைத் திருப்பிப் பார்க்காது. ஃபைலின் வயிற்றில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். மாணவர்களும் பார்க்க மாட்டார்கள். திருத்துகிற பேராசிரியர்கள் பட்டியல் வரும் பக்கத்துக்கு வந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் ஆய்வு மாணவி ஒருத்தி மூச்சு வாங்க என் மேஜைக்கு வந்தாள். "மேடம், இவரை நான் பாக்கணும். கால்வாய்த் தண்ணி பங்கீடு பத்தி எழுதியிருக்கார், நெசவு பத்தி எழுதியிருக்கார், தொழுநோய், பறவைகள், கடல் வணிகம் எல்லாம் எழுதியிருக்கார். எப்பேர்ப்பட்ட மேதை! இங்கதான் இருக்காராமே?" காகிதத்தை வாங்கிப் பெயரைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. குனிந்து இழுப்பறையைத் துழாவுவதுபோல் சிரித்து முடித்துவிட்டு, "கீழ போம்மா. ஐயா ஆராய்ச்சியில இருக்கார்" என்றேன். பைண்டிங் பிரிவுக்காரரையும் இழுத்துக்கொண்டு படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தபடி காதைக் கொடுத்தேன். நாளெல்லாம் முத்திரை குத்துகிறவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

அந்தப் பெண் போய்க் கும்பிட்டாள். திரையைக் காட்டினாள். பக்கம் குனிந்து தன் பெயரைப் படித்தார். நகர்த்தி நகர்த்திப் படித்தார். "ஐயோ, நான் ஸ்கேன் பண்றவன்மா" என்று பதறுவார் என்றுதான் நினைத்தோம்.

"சார், நீங்கதானா?"

அவர் திரையை இன்னொரு முறை பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார்.

"தண்ணி பத்தி அவ்வளவு நல்லா எழுதிட்டு ஏன் சார் விட்டுட்டீங்க?"

"அதெல்லாம் அப்ப செஞ்சது. இப்ப கண்ணு சரியில்ல."

பைண்டிங்காரர் கையை வாயில் திணித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

அன்று மாலைக்குள் நூலகம் முழுவதும் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் 'ஐயா' ஆனார், 'மேதை' ஆனார். டீ நேரத்தில் அவரை ஸ்டூல் மேல் ஏற்றிச் சொற்பொழிவு கேட்டார்கள். "உங்க வெற்றிக்கு என்னங்க ஐயா காரணம்?" "உழைப்புதாங்க" என்றார் அவர். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார். ஆனால் அடுத்த நாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பையில் பேனா செருகியிருந்தது.

ஒரு விடுமுறை நாளில் மனைவியைக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். இவர் கருவியில் தன் பெயரை வரவழைத்து வரவழைத்துக் காட்டினார். திரும்பும்போது அந்த அம்மாள் என் மேஜையருகே உட்கார்ந்து இளைப்பாறினார்.

"உங்க வீட்டுக்காரர் எப்பம்மா இவ்வளவும் எழுதினாரு?" என்று சீண்டினேன்.

"அவர் ஒண்ணும் எழுதலைன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆனதிலேருந்து எனக்கு ஒரு கடுதாசி எழுதினது கிடையாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அவர் மூஞ்சி இப்படி மலர்ந்து நான் பாத்ததே இல்லீங்க. யாரும் போட்டுக் குடுத்துராதீங்க" என்றார்.

எனக்கு அந்த ஆள் மேல்தான் கோபம் வந்தது. நூலகரிடம் போய், இந்த மாதிரி ஆகியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். பைண்டிங்காரர்கூட விளையாட்டை நிறுத்திவிட்டுச் சொல்லிப் பார்த்தார். "சொல்றேன், சொல்றேன்" என்பார், சொல்ல மாட்டார். காலமெல்லாம் அடுத்தவன் பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்குத் தன் பெயர் அச்சில் இனித்தது. அந்த இனிப்பை விட மனசு வரவில்லை.

இதற்கிடையில் நூலகர் மனது வைத்தார். அந்த வருடம் பக்கத்தின் நிரந்தரத்துக்கு அவரே பரிந்துரை எழுதினார். கமிட்டியில் மற்றவர்களும் தலையாட்டிவிட்டார்கள். உத்தரவு தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்றுகூட அவர் விசாரித்து வைத்திருந்தார்.

அதே நேரத்தில் அண்ணன் துறைத்தலைவர் பதவிக்கு மனுப் போட்டிருந்தார். அதற்கு அவருடைய எழுத்தை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கால்வாய் ஆய்வேட்டை ஒருவர்கூடத் தொடவில்லை என்று வந்தது. மனிதர் ஆடிப்போய்விட்டார். தானே உட்கார்ந்து தேடினார். ஏகப்பட்ட பேர் தொட்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஆசிரியர் என்று தம்பியின் பெயர் இருந்தது.

அத்தனை வருடத்தில் அன்றுதான் அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்.

"யார்டா குடுத்தா உனக்கு இந்தத் தைரியம்?"

"சார், கம்ப்யூட்டர் பேர் கேட்டப்ப நீங்கதான் உன் பேரப் போடுன்னு..."

"நானா? நான் சொன்னேனா? என் படிப்பைத் திருடிட்டு என் மேலயே பழி போடறியா?"

"இல்ல சார்... அண்ணே..."

"அண்ணேன்னு கூப்பிடாதடா!"

கமிட்டி கூடியது. என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். முதலில் அங்கே எல்லோருக்கும் சிரிப்புத்தான். ஒரு பேராசிரியை, "மெஷின் பண்ணின தப்பு. இவரை என்ன சொல்றது? திருத்தச் சொல்லிட்டு அந்த உத்தரவுல கையெழுத்துப் போடுங்க" என்றே சொல்லிவிட்டார். பக்கத்தின் முகத்தில் உயிர் வந்தது. அண்ணன் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும்.

அவர் எழுந்தார். அந்த மாணவியின் ஆய்வேட்டை மேஜை மேல் வைத்தார். முன்னுரையில், 'நேரில் விளக்கம் அளித்த ஆசிரியருக்கு என் நன்றி' என்று எழுதித் தம்பியின் பெயரைப் போட்டிருந்தாள்.

"மெஷின் பண்ணின தப்புன்னு வச்சுப்போம். அந்தப் பொண்ணு நீங்கதானான்னு கேட்டப்ப இல்லைன்னு சொன்னியா?"

"சொல்லல சார்."

"என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

சிரிப்பு நின்றது. போன் பேச்சு நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன், பெயரைப் போடச் சொன்னது அண்ணன்தான் என்று நான் சொன்னேன். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அண்ணன் தன் பையிலிருந்து கையெழுத்திட்ட ஒரு தாளை எடுத்துத் தானே வாசித்தார். "இவர் சிறுவயது முதலே பொய் பேசும் வழக்கம் உள்ளவர். இவர் வாயால் சொல்வதையோ எழுதிக் கொடுப்பதையோ எந்த விசாரணையிலும் ஆதாரமாக ஏற்கக் கூடாது. உடன்பிறந்தவன் என்ற முறையில் வேதனையோடு இதைத் தெரிவிக்கிறேன்."

வேதனையாம். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. கூடப்பிறந்தவனை அப்படி வெட்டிப் போடுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

உத்தரவைக் கிழித்தார்கள். ஒப்பந்தத்தையும் நீட்டிக்க வேண்டாம் என்று முடிவானது. போகிறதற்கு முன் எல்லா ஃபைல்களிலிருந்தும் தன் பெயரை அவரே எடுத்துவிட்டு உரியவர் பெயரைப் போட வேண்டும் என்றார்கள். அண்ணனுக்கு அதுவும் போதவில்லை. திருத்திய ஆய்வேடுகள் எல்லாவற்றையும் திருட்டு எழுத்துக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் புதிதாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும் என்று அடம்பிடித்தார். "இது பல்கலைக்கழகத்தோட மானப் பிரச்சினை" என்றார். அவர் கேட்டபடியே எழுதிக்கொண்டார்கள்.

பக்கம் தன் பெயரைத் தானே அழிக்க உட்கார்ந்தார். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, அட்டையைப் படித்து, தன் பெயரை அழித்து, அடுத்தவர் பெயரைத் தட்டினார். அவ்வளவு காலம் கையால் புரட்டிய அட்டைகளை அப்போதுதான் கண்ணால் படித்தார். ஒருமுறை நான் கீழே போனபோது ஒரு பழைய ஆய்வேட்டை மடியில் வைத்திருந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியது. அதுவும் கால்வாய்த் தண்ணீர் பற்றித்தான்.

"இந்தம்மா இருக்காங்களா மேடம்?"

"போய்ச் சேந்துட்டாங்க. ஒண்டிக்கட்டை. புத்தகமா போடக்கூட ஆள் இல்ல."

"பாவம்" என்று சொல்லி, அவர் பெயரை எழுத்துக் கூட்டித் தட்டினார். அடுத்ததாக அண்ணனின் ஆய்வேட்டை எடுத்து, முனைவர் பட்டத்தோடு சேர்த்து அவர் பெயரையும் தட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அதை மட்டும் வெறுமையா விட்டுட்டா என்ன?" என்றேன். "சாருக்குப் பதவி வரணும்ல" என்றார். கடைசி நாளன்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது யாரும் 'ஐயா' என்று கூப்பிடவில்லை.

பிறகு மென்பொருளை ஓட்டினார்கள். முன்பு ஏற்றியபோதும் ஓட்டியதுதான். அப்போது எல்லாம் சுத்தம் என்று வந்தது. அந்த மென்பொருளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன்னுடைய பழைய எழுத்தையே மறுபடி எழுதியிருந்தால் அதைத் திருட்டாக எடுத்துக்கொள்ளாது, விட்டுவிடும். எல்லா ஆய்வேட்டுக்கும் பக்கமே ஆசிரியராக இருந்தவரை, எதிலிருந்து எது வந்திருந்தாலும் அது அவருடைய சொந்தச் சரக்கு. இப்போது ஆளுக்கு ஆள் பெயர் பிரிந்துவிட்டது. பேராசிரியரின் ஆய்வேடு திரையில் சிவந்துகொண்டே போனது. அத்தியாயம் அத்தியாயமாக அந்தப் பள்ளி ஆசிரியையுடையது. அந்த அம்மாள் தப்பாகப் போட்டிருந்த கால்வாய் வரைபடம் உட்பட அப்படியே இறக்கியிருந்தார். தம்பியின் பெயர் இத்தனை காலமும் அவருக்குக் குடை பிடித்திருக்கிறது. அதைப் பிடுங்கி எறியச் சொன்னதும் அவரேதான். துறைத்தலைவர் பதவி போனது. பட்டமே போகும் என்று பேச்சு. விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

அந்த வாரம் என் ஓய்வூதியத் தாள்களை ஜெராக்ஸ் எடுக்க வளாகத்துக்கு எதிரில் உள்ள கடைக்குப் போனேன். பக்கம் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அண்ணன் உள்ளே வந்தார். சட்டை கசங்கியிருந்தது. பின்னால் மாணவர்கள் யாரும் இல்லை. நான் ஒருத்தி நிற்பதைப் பார்த்தும் கண்டுகொள்ளவில்லை.

"தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. "ஸ்கேன் பண்ணும்போது அந்தம்மாவோட பக்கமெல்லாம் என்னோடதுல கலந்துபோச்சுன்னு எழுதிக் குடு. அட்டை போட்ட பிரதியும் அப்புறம் நீயே மாத்திக் கட்டினதுன்னு சொல்லு. உனக்கென்ன, வேலை ஏற்கெனவே போயிடுச்சு. இனிமே போறதுக்கு உங்கிட்ட என்ன இருக்கு?"

பக்கம் மெஷினை நிறுத்தினார்.

"இது மட்டும் முடிஞ்சா அவ ஆபரேஷன் என் பொறுப்பு. சத்தியமா."

துரத்தி அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நெஜமாவாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை உருவினார். கல்லாப் பெட்டி மேல் வைத்து, அழகான கையெழுத்தில், அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினார். எல்லாத் தப்பும் தன்னுடையது என்று எழுதி, கீழே முழுப்பெயரையும் போட்டார். தாளைத் தூக்கி ஒருமுறை படித்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"அண்ணே, இது செல்லாதுண்ணே."

"ஏன்? என்ன விட்டுப்போச்சு?"

"ஒண்ணும் விட்டுப்போகல. நான் எழுதிக் குடுக்கிறது எதையும் நம்பக் கூடாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களேண்ணே."

குத்திக்காட்டவில்லை. மனைவியின் ஆபரேஷன் கைநழுவுகிறதே என்ற பதற்றத்தில்தான் சொன்னார். "அதை வாபஸ் வாங்க முடியுமாண்ணே? கேட்டுப் பாருங்கண்ணே" என்று கெஞ்சினார். அண்ணன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். விசாரணையில் கொடுத்தும் பார்த்திருக்கிறார். அன்று கமிட்டியில் அவரே வாசித்துக் கொடுத்த பழைய தாளின் நகலை அதோடு சேர்த்துப் பின் குத்தி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.